இங்கிலாந்தில் மூன்று வருடம்: பைச்சுங் பூட்டியாவின் கதை

இங்கிலாந்து உதைபந்தாட்டம் என்றவுடன் எங்கட வீடுகளில் மன்செஸ்ரர் யுனைற்றெட், லிவர்பூல், ஆர்சனல் என்றுதான் கதை தொடங்கும். பனி உருகின பிறகு ரொக்ஸ்பரோவில் பூங்காப் பக்கம் போனால் எங்கட பொடியள் போட்டிருக்கிற சேட்டுகளே அதைச் சொல்லும். ஆனால் அந்த நாட்டில் சம்பளத்துக்கு உதைபந்து விளையாடுகிறவர்களில் பெரும்பாலானோர் எங்கட ரீவிக்கு வருவதில்லை. மேல் பிரிவில் 20 கழகங்கள். அதற்குக் கீழே மூன்று பிரிவுகளில் 72 கழகங்கள். காசு புரள்வது மேலே. கீழே இருக்கிறவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தம் எழுதி, அது முடியிற காலம் நெருங்க நெஞ்சிடியோடு திரிகிறவர்கள்.

அப்படிக் கீழ்ப் பிரிவு ஒன்றில் 1999 முதல் 2002 வரை இருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் பைச்சுங் பூட்டியா. சிக்கிம் மாநிலத்தவர். தமிழர் இல்லாத ஒருவரைப் பற்றி எங்கட புத்தாண்டு மலரில் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை அனுமதிக் கடதாசிக்குக் காத்திருந்தது, குளிருக்குள் புது ஆக்களோடு பழகியது, அடிபட்டு இருந்தது, கடைசியில் வேலை தந்த இடமே முறிந்து போனது என்று அவருடைய கதை போகிறது. இதில் எந்தப் பகுதி எங்களுக்குப் புதிது?

முதலில் அவர் போன ஊரைப் பார்ப்போம். மன்செஸ்ரருக்கு வடக்கே பத்து மைல் கூட வராது, பெரி என்ற நகரம். பருத்தி ஆலை ஊர். நெசவுத் தறியில் 'பறக்கும் நாடா'வை 1733 இல் கண்டுபிடித்த ஜோன் கே பிறந்தது இந்த ஊர்ப் பக்கம்தான். அந்த ஒரு கருவியால் நெசவு எவ்வளவு வேகமானது, எத்தனை பேருடைய கைவேலை போனது என்பது வேறொரு கட்டுரைக்குரிய விசயம்.

இங்கிலாந்தில் உதைபந்தாட்டமும் பக்டரியும் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள். 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்களையும் இளையவர்களையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பிறகு ஆலையில் வைத்து வேலை வாங்கக்கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆம்பிளையளுக்கும் அரைநாள் லீவு கிடைத்தது. 2 மணிக்கு ஆலை நின்றால் 3 மணிக்கு மைதானம். இன்றைக்கும் அங்கே சனிக்கிழமை ஆட்டத்துக்கு 3 மணி என்று வைக்கிற வழக்கம் இந்த அரைநாள் லீவில் இருந்து வந்ததுதான். ஆர் சொல்லுவினம், சங்கு ஊதிற நேரம்தான் உலகத்தின் பெரிய விளையாட்டுக்கு மணிக்கூடு வைத்தது எண்டு!

1885 இல் விளையாடுவதற்குச் சம்பளம் வாங்கலாம் என்று அங்கீகரித்தார்கள். அதே வருடம்தான் பெரி கழகமும் பிறந்தது. 1888 இல் 12 கழகங்கள் சேர்ந்து லீக் தொடங்க, பெரி 1894 இல் அதில் இடம் பிடித்தது. மைதானத்தின் பெயர் கிக் லேன். சின்ன ஊர்தான், ஆனாலும் 1900 இலும் 1903 இலும் எஃப். ஏ. கிண்ணத்தை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டேர்பி கவுன்ரியை 6 - 0 என்று அடித்தார்கள். அந்தக் கோல் வித்தியாசத்தை எந்த இறுதியாட்டத்திலும் ஒருவரும் 116 வருடம் தொடவில்லை. 2019 இல்தான் மன்செஸ்ரர் சிற்றி அதைச் சமப்படுத்தியது. அதே 2019 இல் பெரிக்கு என்ன நடந்தது என்பதைப் பின்னுக்குச் சொல்கிறேன்.

ஆலைகள் மூடப்பட்ட பிறகு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு வந்த கதிதான் கழகங்களுக்கும். ஆட்கள் குறைய ரிக்கற் காசு குறைந்தது. மன்செஸ்ரர் பக்கத்தில் இருக்க, பெரிக்கு ஆர் வரப்போகினம்? 1999 இல் பெரி இரண்டாம் படியில் இருந்து இறக்கப்பட்டு மூன்றாம் படியில் நின்றது. அந்தப் படிக்கு அப்போது பெயர் 'இரண்டாம் பிரிவு'. மேலே பிரிமியர் லீக், அடுத்து முதலாம் பிரிவு, அதற்கடுத்ததுதான் இரண்டாம் பிரிவு. பெயரை வைத்து ஏமாறக்கூடாது.

இனி பூட்டியா. 1976 டிசெம்பர் 15 இல் தெற்குச் சிக்கிமில் தின்கிதாம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். சிக்கிம் தனி இராச்சியமாக இருந்து இந்தியாவோடு இணைந்தது 1975 இல். ஆகவே இந்தியச் சிக்கிமில் பிறந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளில் ஒருவர் என்று சொல்லலாம். கமக்காரக் குடும்பம். தகப்பனுக்கு உதைபந்தில் விருப்பமில்லை. மாமன் ஒருவர்தான் பிடித்து வைத்து ஊக்கம் கொடுத்தவர். இந்த மாமன்மார் இல்லாவிட்டால் உலகத்தில் பாதி விளையாட்டுக்காரர் உருவாகியிருக்க மாட்டார்கள்! 'பைச்சுங்' என்றால் அவர்களுடைய பாசையில் சின்னத்தம்பி என்று அர்த்தமாம். யாழ்ப்பாணத்தில் எத்தனை சின்னத்தம்பி இருந்திருப்பினம்.

ஒன்பது வயதில் விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்து கங்ரொக் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். 1993 இல், பதினாறு வயதில், கல்கத்தாவின் கிழக்கு வங்காளக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் அங்கிருந்து பஞ்சாப் மாநிலம் பக்வாராவுக்கு. அங்கே ஜே. சி. ரி. என்ற நெசவாலை ஒரு உதைபந்தாட்ட அணியை வைத்திருந்தது. இந்தியாவில் அந்தக் காலத்தில் பெரிய விளையாட்டுக்காரர் எல்லாரும் வங்கி, ரெயில்வே, பொலிஸ், ஆலை என்று ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆளாகத்தான் இருப்பார்கள். 1996-97 இல் இந்தியாவில் முதன்முதலாகத் தேசிய உதைபந்தாட்ட லீக் நடந்தபோது ஜே. சி. ரி. தான் வென்றது. அதிகம் கோல் அடித்தவர் பூட்டியா, 14 கோல். கேரளத்தின் ஐ. எம். விஜயனும் அதே அணியில் இருந்தவர்.

என்னோடு வேலை செய்கிற பஞ்சாபிக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்து ஆள். சாப்பாட்டு நேரம் ஜே. சி. ரி. என்று வாய் திறந்தால் போதும், அரை மணித்தியாலம் காணாது. ஆலை அணியை 2011 இல் கலைத்துவிட்டார்கள் என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

1997 ஜூலை 13 ஆம் திகதியை மறக்கமுடியாது. கல்கத்தா சோல்ற் லேக் மைதானம். கூட்டிணைப்புக் கிண்ண அரையிறுதி. கிழக்கு வங்காளமும் மோகன் பகானும். ஒரு இலட்சத்து முப்பத்தோராயிரத்துக்கு மேல் சனம் என்று கணக்கு. அங்கே திரும்பி வந்திருந்த பூட்டியா மூன்று கோல் அடித்து 4 - 1 என்று வெல்ல வைத்தார். அடுத்த வருடம் அர்ஜுனா விருதும் கிடைத்தது. ஒரு விளையாட்டுக்காரனுக்கு உள்நாட்டில் கிடைக்கக்கூடியது எல்லாம் 22 வயதில் கிடைத்துவிட்டது.

அப்படிப்பட்டவர்தான் 1999 இல் இங்கிலாந்துக்குப் போய், புலம், வெஸ்ற் புரோம்விச், அஸ்ரன் வில்லா என்று ஒவ்வொரு கழக வாசலாக ஏறி இறங்கினார். சோதனை ஆட்டம் என்று பெயர். வா, ஒரு கிழமை எங்களோடு ஓடு, பார்த்துச் சொல்லுறம். ஊரில் வாத்தியாராக இருந்தவர் இங்கே வந்து ஏஜென்சி மூலம் மூன்று நாள் வேலைக்குப் போய் நிற்கிற மாதிரித்தான் இதுவும். ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் மூன்றாம் படியில் நின்ற பெரி எடுத்தது. முகாமையாளர் நீல் வார்னொக். மூன்று வருட ஒப்பந்தம்.

ஒப்பந்தம் எழுதினால் மட்டும் காணுமா? கடதாசி வேண்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிற ஆட்டக்காரனுக்கு வேலை அனுமதி கொடுக்கப் பிரித்தானிய அரசு ஒரு அளவுகோல் வைத்திருந்தது. அவன் தன் நாட்டு அணியின் முக்கிய ஆட்டங்களில் முக்கால்வாசி விளையாடியிருக்க வேண்டும். அந்த நாடும் உலகத் தரவரிசையில் முதல் எழுபதுக்குள் நிற்க வேண்டும். முதலாவது பூட்டியாவுக்குப் பிரச்சினை இல்லை. இரண்டாவதில் இந்தியா அப்போது நூறுக்கு வெளியே. அலுவல் இழுபட்டுத்தான் சரிவந்தது. பருவம் ஓகஸ்ற்றில் தொடங்கிவிட, செப்ரெம்பர் கடைசியில்தான் பூட்டியா பெரியோடு சேர்ந்தார். ஒக்ரோபர் 3 ஆம் திகதி கார்டிவ் சிற்றிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஐரோப்பியக் கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் எழுதி விளையாடிய முதல் இந்தியர் அவர்.

இந்த எழுபதாம் இடம் என்ற விதி சும்மா பேச்சுக்கு இல்லை. பத்து வருடம் கழித்து, 2009 இல், பூட்டியாவுக்குப் பிறகு இந்தியாவின் பெரிய கோல் அடிகாரரான சுனில் சேத்ரியை லண்டன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் எடுக்க விரும்பியது. ஒப்பந்தமும் வந்தது. இந்தியா முதல் எழுபதுக்குள் இல்லை என்று அனுமதி மறுத்துவிட்டார்கள். சேத்ரி அமெரிக்காவுக்குப் போனார். ஒருவன் காலை வைத்துக் கணக்குப் பார்க்காமல் அவன் பிறந்த நாட்டை வைத்துக் கணக்குப் பார்க்கிற விதி இது. அகதி கேஸ் நடத்தின எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொன்று. அந்த நாளில் அங்கே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவர் வேலைக்காரன் இல்லை, முதலாளி. அனுமதியும் அந்த வேலைக்கு மட்டும்தான். கழகம் பிடிக்கவில்லை என்று பூட்டியா அடுத்த நாள் பக்கத்து ஊர்க் கழகத்துக்கு மாற முடியாது. மாறுவதென்றால் புதுக் கழகம் புதிதாகக் கேட்க வேண்டும். இங்கே கனடாவிலும் ஒரே முதலாளிக்குக் கட்டின வேலை அனுமதியோடு தோட்டங்களிலும் பக்டரிகளிலும் நிற்கிற எத்தனையோ பேரை நாங்கள் காண்கிறோம். அவர்கள் ஏன் மேற்பார்வையாளருக்கு வாய் திறப்பதில்லை என்பதும் தெரியும்.

கிக் லேனில் அவருக்கு எப்படிப் போனது? மூன்றாம் படி ஆட்டம் அழகுக்கு விளையாடுகிற ஆட்டம் அல்ல. ஒரு பருவத்தில் லீக் ஆட்டம் மட்டும் 46. இந்தியத் தேசிய லீக்கில் அதில் பாதியளவுதான். சனிக்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்று, இடையில் பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம். மார்கழி, தை மாதத்தில் மைதானம் சேறு. பந்தை மேலால் தூக்கி அடிப்பார்கள், ஆறடிக்கு மேல் உயர்ந்த பின்வரிசைக்காரன் முதுகில் ஏறி நிற்பான். பூட்டியா உயரத்தாலும் நிறையாலும் சின்ன ஆள். வேகம், சரியான இடத்தில் போய் நிற்கிற புத்தி, இது இரண்டும்தான் அவருடைய முதல். உடம்பைப் பலப்படுத்த வேண்டியிருந்தது.

இதுக்குள்ள வந்து இரண்டு மாதம் போன கையோடு, டிசெம்பரில், வார்னொக் ஷெபீல்ட் யுனைற்றெட்டுக்குப் போய்விட்டார். பக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே பிடிபடும். உன்னைத் தெரிந்து எடுத்த மனுசன் போய்விட்டான், புதிதாக வருகிறவனுக்கு நீ ஆரோ எவரோ. பொறுப்புக்கு வந்த அன்டி பிறீஸ் தானும் ஒரு முன்வரிசை ஆட்டக்காரர். அதாவது பூட்டியாவின் இடத்திலேயே விளையாடுகிறவர்தான் ஆர் விளையாடுவது என்று தீர்மானிக்கிறவரும்! பிறீஸ் அநியாயம் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. எங்கட தொழிலில் அப்படி ஒரு நிலைமை வந்தால் இரவு நித்திரை வராது என்றுதான் சொல்கிறேன்.

முதலாவது லீக் கோல் 2000 ஏப்ரல் 15 இல், செஸ்ரபீல்டுக்கு எதிராக வந்தது. திகதியைப் பாருங்கள், எங்கட சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் பக்கம். வந்து ஆறு மாதம் கடந்த பிறகு. கல்கத்தாவில் ஒரே பின்னேரம் மூன்று கோல் அடித்தவருக்கு இங்கிலாந்தில் முழு லீக் கணக்கும் 37 ஆட்டம், 3 கோல். அதிலும் பல ஆட்டங்களில் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கப்பட்டவர். பிறகு காயங்கள் பிடித்துக்கொண்டன. 2001 ஓகஸ்ற் 27 இல் சுவின்டன் ரவுணிடம் பெரி 3 - 0 என்று தோற்ற ஆட்டம்தான் அவருடைய கடைசி. அந்தப் பருவத்தில் மூன்று ஆட்டம் மட்டும்.

காயம் என்பது கீழ்ப் பிரிவு ஆட்டக்காரனுக்கு என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மெசினில் கை அடிபட்டால் மருத்துவர் கடதாசி, நட்டஈட்டுப் படிவம், இலேசான வேலை என்று ஒரு வழி இருக்கிறது, அதுவும் சண்டை பிடித்துத்தான். உதைபந்துக்காரனுக்குச் சம்பளம் ஒப்பந்தம் முடியும் வரை வரும். ஆனால் விளையாடாத ஒவ்வொரு மாதமும் அடுத்த ஒப்பந்தத்தில் இருந்து வெட்டப்படுகிறது. அடிபட்ட காலோடு இருக்கிறவனை அடுத்த வருடத்துக்கு ஆர் கேட்பான்?

கழகத்தின் நிலைமையும் கெட்டுக்கொண்டு போனது. கீழ்ப் பிரிவுக் கழகங்கள் ஐரிவி டிஜிற்றல் என்ற ரீவி நிறுவனத்தோடு 31 கோடியே 50 இலட்சம் பவுணுக்கு மூன்று வருட ஒப்பந்தம் செய்திருந்தன. வரப்போகிற காசை நம்பிச் சம்பளங்களை ஏற்றிவிட்டார்கள். 2002 மார்ச்சில் அந்த நிறுவனம் முறிந்தது. 17 கோடியே 85 இலட்சம் பவுண் பாக்கி. அந்தக் காசு கழகங்களுக்கு வரவே இல்லை. ஏற்கனவே கடனில் தத்தளித்த பெரி அதே மாதம் நிர்வாகியின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஆதரவாளர்கள் வாளி தூக்கிக் காசு சேர்த்தார்கள். அணி நாலாம் படிக்கு இறங்கியது. பூட்டியா இந்தியா திரும்பி மோகன் பகானில் சேர்ந்தார்.

நான் முன்பு வேலை செய்த ஒரு பக்டரியும் இப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை கதவை மூடியது. திங்கட்கிழமை போன எங்களுக்குக் கதவில் ஒட்டியிருந்த கடதாசிதான் பதில். கடைசி இரண்டு கிழமைச் சம்பளத்துக்கு எட்டு மாதம் அலைந்தோம். அதனால்தானோ என்னவோ, 37 ஆட்டம் 3 கோல் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு 'போனார், சரிவரவில்லை, வந்தார்' என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எங்கட சனத்திடமும் இந்தக் குணம் இருக்கிறது. வெளிநாடு போய்த் திரும்பி வந்தவனிடம் எவ்வளவு கொண்டு வந்தாய் என்றுதான் முதல் கேள்வி. எந்தப் படியில் நின்றான், கடதாசி எப்படி இருந்தது, எடுத்த முதலாளி எத்தனை மாதம் நின்றான், கொம்பனி எப்போது முறிந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆட்டம் கை கழுவிப் போகவில்லை என்பதை அவர் திரும்பி வந்த கையோடு காட்டினார். 2003 இல் கிழக்கு வங்காளம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகங்களின் சுற்றுப்போட்டியில் வென்றது. இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் தேரோ சாசனாவை 3 - 1 என்று தோற்கடித்தார்கள். போட்டி முழுவதிலும் 9 கோல் அடித்து முதலாவதாக நின்றவர் பூட்டியா. கிக் லேன் சேற்றுக்குள் ஆறடிக்காரரோடு முட்டுப்பட்ட மூன்று வருடம் அதற்கு உதவவில்லை என்று ஆர் சொல்ல முடியும்?

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 2006 இல் நடந்தது. அந்த வருடம் இந்திய உதைபந்தாட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. முன்னுக்கு நின்றவர் பூட்டியா. சம்பளம் தராத கழகம், அடிபட்டவனைக் கைவிடுகிற கழகம், எழுதின ஒப்பந்தத்தை மதிக்காத கழகம் என்று இந்தியாவில் குறைவில்லை. அதைக் கேட்க ஒரு அமைப்பு இருக்கவில்லை.

இங்கிலாந்தில் அப்படி ஒன்று 1907 இலேயே, அதுவும் பெரிக்குப் பக்கத்து மன்செஸ்ரரில், தொடங்கப்பட்டுவிட்டது. ஏன் தேவைப்பட்டது? 1901 இல் கிழமைக்கு 4 பவுணுக்கு மேல் ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு போட்டார்கள். அது 1961 வரை ஏதோ ஒரு தொகையில் இருந்துகொண்டே வந்தது, நீக்கும்போது 20 பவுண். மைதானத்தில் ஐம்பதாயிரம் சனம் நிற்கும், உள்ளே ஓடுகிறவன் ஆலைத் தொழிலாளியைவிடக் கொஞ்சம் கூட எடுப்பான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவனைப் பிடித்து வைக்கிற உரிமை கழகத்துக்கு இருந்தது. 1963 இல் ஜோர்ஜ் ஈஸ்ற்றம் என்ற ஆட்டக்காரரின் வழக்கில்தான் நீதிமன்றம் அது நியாயமில்லை என்றது. ஒப்பந்தம் முடிந்தவன் சும்மாவே போகலாம் என்பது 1995 டிசெம்பரில் பொஸ்மன் என்ற பெல்ஜியக்காரரின் வழக்கோடு வந்தது. அந்த ஆளின் சொந்த விளையாட்டு வாழ்க்கை வழக்கோடேயே முடிந்துபோனது. ஒவ்வொரு உரிமைக்கும் ஒருவன் தன்னுடைய சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறான்.

சங்கமும் கவனிப்பும் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஆதர் வார்ற்றன் ஒருவரே போதும். 1865 இல் இன்றைய கானாவின் அக்ரா நகரில் பிறந்தவர். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு விளையாடிய முதல் கறுப்பினத்தவர் என்று அறியப்படுகிறவர். கோல் காப்பாளர். 1886 இல் நூறு யார் ஓட்டத்தைப் பத்து செக்கனில் ஓடி உலக சாதனை செய்த கால்கள் அவருடையவை. ரொதரம், ஷெபீல்ட், ஸ்ரொக்போர்ட் என்று பல கழகங்களில் இருந்துவிட்டு, பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். 1930 இல் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல் கூட இல்லை. 1997 இல்தான் வைத்தார்கள்.

பூட்டியாவுக்கு முன்னால் எங்கட பக்கத்தில் இருந்து ஒருவரும் போகவில்லையா என்றால், போயிருக்கிறார்கள். கல்கத்தா முகம்மது சலீம் 1936 இல் ஸ்கொட்லாந்தின் செல்ரிக் கழகத்துக்காகக் காலில் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு இரண்டு ஆட்டம் விளையாடினார். இருக்கச் சொல்லிக் கேட்டும் ஊர் நினைப்பில் திரும்பிவிட்டார். பிறகு 1948 ஒலிம்பிக். ஜூலை 31, லண்டனுக்கு வெளியே இல்பேட்டில் கிரிக்கிள்பீல்ட் மைதானம். சுதந்திர இந்தியாவின் அணி, பெரும்பாலானோர் வெறுங்கால், பிரான்சிடம் 2 - 1 என்று தோற்றது. இரண்டு தண்ட உதைகளை வீணாக்கினார்கள், இல்லாவிட்டால் கதை வேறு. அந்த ஒரு கோலை அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன். பெயரிலேயே தெற்கத்தி ஆள் என்று தெரிகிறது. இன்று அதே இல்பேட் பக்கம் எங்கட ஆட்களின் கடையும் கோயிலுமாக இருக்கிறது. அங்கே இருக்கிற எத்தனை பேருக்கு இந்த ராமனைத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

பெரி கழகத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2018 டிசெம்பரில் ஒரே ஒரு பவுணுக்குக் கை மாறியது. கடன் அடங்கவில்லை, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் போகவில்லை. 2019 ஓகஸ்ற் 27 இல் லீக்கில் இருந்து நீக்கப்பட்டது. 125 வருடத்து இடம் ஒரே இரவில் போனது. ஆதரவாளர்கள் விடவில்லை. 2023 இல் பெரி என்ற பெயரோடு மீண்டும் கிக் லேனுக்கு வந்தார்கள், ஆனால் ஒன்பதாம் படியில். பூட்டியா 2011 இல் இந்திய அணியில் இருந்து ஓய்வு பெற்றார். 2012 ஜனவரியில் டில்லியில் அவருடைய பிரியாவிடை ஆட்டத்துக்கு எதிரணியாக வந்தது பயேர்ன் மியூனிக். பிறகு சிக்கிம் அரசியலில் இறங்கித் தேர்தல்களில் தோற்று, 2024 இல் அதையும் விட்டுவிட்டார். அரசியல் அவருக்குச் சரிவரவில்லை.

இங்கே ரொக்ஸ்பரோ, பியர்பொன்ஸ் பக்கத்தில் எங்கட பிள்ளைகள் ஏழெட்டு வயதில் நன்றாக விளையாடுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வந்தவுடன் தாய்தகப்பன் நிறுத்திப்போடுவார்கள். ரியூசன் என்பார்கள், மாரி காலத்தில் உள்ளரங்கப் பயிற்சிக்குக் கட்டுகிற காசு என்பார்கள். விளையாட்டில் சாப்பிட முடியாது என்கிற அவர்களுடைய பயம் பிழை இல்லை. மேலே சொன்ன கதையெல்லாம் அந்தப் பயத்துக்குச் சாட்சிதான். ஆனால் எங்கட ஆக்களுக்கு உடம்பு காணாது, இது எங்கட தொழில் இல்லை என்று சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

விமல் யோகநாதன் என்ற பொடியன் 2006 இல் வட வேல்சில் பிறந்தவன். தாய்தகப்பன் இலங்கைத் தமிழர். சின்ன வயதில் லிவர்பூல் கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் இருந்துவிட்டு, பார்ன்ஸ்லி கழகத்துக்குப் போனான். பழைய நிலக்கரி ஊர், கழகம் பெரி நின்ற அதே மூன்றாம் படியில். அங்கே முதல் அணிக்கு விளையாடியிருக்கிறான், வேல்சின் இளையோர் அணிகளுக்கும் விளையாடியிருக்கிறான். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு விளையாடுகிற முதல் தமிழ்ப் பிள்ளை என்று எழுதுகிறார்கள். அங்கேயே பிறந்தவன் என்றபடியால் எழுபதாம் இடம் என்ற கேள்வி அவனுக்கு இல்லை. வேலை அனுமதியும் தேவையில்லை. பதினாறு வயதில் இந்தக் கழகங்கள் எடுக்கிற பொடியளுக்கு முதல் இரண்டு வருடமும் பயிலுனர் ஒப்பந்தம்தான். கிழமையில் சில மணித்தியாலம் வகுப்புக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு பகுதி.